சாய்கோடு, வீடு

கராகோலில் பனிச்சறுக்குக்காரர்கள் தங்கும் விடுதி.
வரவேற்பு மேசையில்
இரவு பதினொன்று முதல் காலை ஆறு வரை
மேரிம்.
ஈரக் காலணிகளைக் கணப்போரம் சாய்த்துவிட்டு
விருந்தினர்கள் உறங்கப் போனபின்
முதலாளியின் கணினியை அணைப்பாள்,
கையுறைக்குள்ளிருந்து பென்டிரைவை எடுத்துச் செருகி
மறுபடி உசுப்புவாள்.

வட்டை அது தொடாது.
முதலாளியின் பதிவேடு, கடன் கணக்கு, மகள் கல்யாணப் படங்கள்
எல்லாம் அடுத்த அறையில் தூங்குவதுபோல் கிடக்க,
நினைவகத்தில் மட்டும் ஒரு முழு இயங்குதளம்
கூடாரம்போல எழும்.
காலையில் பிடுங்கினால்
முளைக்குச்சி அடித்த தடம்கூட இராது.

ஒவ்வோர் இரவும் நல்வரவு என்றொரு சாளரம் திறக்கும்,
அவளை முன்பின் பார்த்திராததுபோல.
மணி கேட்டால் ஆறு மணி நேரம் பிந்திச் சொல்லும்.
வைஃபை கடவுச்சொல்லை மறுபடி ஊட்டவேண்டும்.
பிறகு விசைப்பலகை:
ரஷ்ய எழுத்துகளை ஏற்றிக் கொடுத்தாலும்
கிர்கீசுக்கென்று கூடுதலாய் உள்ள மூன்று அதில் இராது,
தேடிப் பிடித்துச் சேர்க்கவேண்டும்.
ஒன்று நம் ஙகரம்போல மூக்கில் நிற்பது,
மற்ற இரண்டுக்கும் உதட்டைக் குவிக்கவேண்டும்.
மூன்றுதானே என்பவர்கள்
ழகரம் இல்லாத பலகையில் மழையைத் தட்டிப்பாருங்கள்.
அவள் மொழியில் அந்த மூன்றும் இல்லாமல்
விடியல் எழுதமுடியாது. ஏரி முடியாது. வீடு முடியாது.

அவள் எழுதுவது வசன வரி.
ஏதோ ஒரு ஜெர்மன் பொம்மைப் படம்,
அதில் நீர்யானை ஒன்று தபால் கொண்டுபோகிறது.
அது தன் பேச்சில் பேசவேண்டுமாம்
ஆறு வயது தொக்தோசுனுக்கு.
தொக்தோசுன் என்றால் நிற்கட்டும் என்று பொருள்.
அவனுக்கு முன் பிறந்த இருவர் நிற்கவில்லை.

வேலை முடியுமுன் கோப்பைத் தனக்கே
மின்னஞ்சல் அனுப்பிக்கொள்வது வழக்கம்.
டிசம்பரில் ஒருநாள் நாலரைக்கு மின்சாரம் போனது.
வந்தது.
அந்த இரவின் எண்பத்தேழு வரி வரவில்லை.
நீர்யானை பாலத்தின் பாதியில் நின்றது.

அடுத்த வாரம்
பென்டிரைவில் சும்மா கிடந்த இடத்தை ஒரு பகிர்வாக வெட்டினாள்.
அதற்கு பெர்சிஸ்டன்ஸ் என்றே பெயர் இடவேண்டும்,
வேறு பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராது.
உள்ளே ஒரு கோப்பு, கோப்பில் ஒரு வரி,
எதை மறக்கக்கூடாது என்று.
எல்லாவற்றையும் என்றும் எழுதலாம்.
பென்டிரைவ் சின்னது.
ஒரு சாய்கோடு போட்டு
அதையொட்டி வீடு என்று எழுதினாள்.
அவரவர் கோப்புகள் குடியிருக்கும் அடைவுக்கு
அங்கே அதுதான் பெயர்,
ஆங்கிலத்தில்தான் என்றாலும்.

மறுநாள் இரவு
துவக்க வரியின் வாலில் அந்தச் சொல்லைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.
நல்வரவு என்றது.
பகிர்வின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
ரஷ்ய மொழியில் திட்டித் தீர்த்தாள்,
அதற்கான எழுத்துகள் எல்லாம் கைவசம் இருந்தன.

திருத்தினாள்.
அதற்கடுத்த இரவு
மேலே ஏழாம் எண் அறையில் யாரோ இருமிக்கொண்டிருக்க,
நல்வரவு இல்லை.
திரையில் அவள் வைத்துவிட்டுப் போன மகன் படம்,
முன்பல் இல்லாமல்.
கோப்பு, அவள் விட்ட வரியிலேயே.
ஒரு வெற்றுப் பக்கம் திறந்து
மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாய்த் தட்டினாள்,
வந்தன,
அழித்துவிட்டு மறுபடி தட்டினாள்.

வைஃபை மட்டும் மறந்திருந்தது.
மணியும் பழையபடி ஆறு பிந்தி.
கடிகாரம் வீட்டுக்கு வெளியே மாட்டியிருக்கிறது போலும்.
அதைச் சரிசெய்ய இன்னொரு வரி போதும் என்று தெரியும்.
விட்டுவிட்டாள், விரல்விட்டு எண்ணிக்கொள்ளலாம்.

திரையில் நள்ளிரவாக ஐந்து நிமிடம் இருக்க
பனி வாரும் வண்டி தெருவில் வந்தது.
நீர்யானை பாலத்தைக் கடந்து
ஒரு கதவைத் தட்டி
இது யார் வீடு என்று கேட்கிறது.
அந்த வரியைத் தட்டி, சேமித்து,
பென்டிரைவ் விளக்கு அணையட்டும் என்று
ஒரு கையில் கையுறையோடு
நின்றுகொண்டிருக்கிறாள்.